ரெண்டு பஸ்ஸுக்கு ஒரே துண்டு

மச்சானை நான் இழந்தது ஓர் இடைவெளியால். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் விழுமே, அந்த இடைவெளி. ஆள் உயிரோடுதான் இருக்கிறான், நன்றாகவும் இருக்கிறான். எனக்கு இல்லாமல் போய்விட்டான், அவ்வளவுதான். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான். சொந்தம் என்று பார்த்தால் ஒன்றும் கிடையாது. அவன் பெண்ணாடம் பக்கத்துக் கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளை, நான் காடாம்புலியூர் முந்திரிக்காரர் வீட்டுப் பிள்ளை. 2004-இல் சிதம்பரத்தில் எம்.சி.ஏ. சேர்ந்த முதல் வாரத்தில், லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் என்று உட்கார வைத்தார்கள். என் பக்கத்தில் அவன் உட்கார்ந்தான்.

அந்தக் கம்ப்யூட்டரில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. வேண்டியதை கமாண்டாக எழுதித்தான் கேட்க வேண்டும். எழுதியதை முதலில் வாங்கிப் படிப்பது ஷெல் என்ற நிரல். அது கெடுபிடியான கண்டக்டர் மாதிரி. இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வெட்டி, ஆளுக்கு ஒரு டிக்கெட் கிழித்துவிடும். "அப்பா போட்டோ" என்று ஒரு ஃபைலுக்குப் பெயர் வைத்துவிட்டு, அதை அழி என்றால், அப்பா ஓர் ஆள், போட்டோ ஓர் ஆள் என்று எடுத்துக்கொண்டு இரண்டு பேரையும் தேடிப் போகும். இரண்டும் சேர்ந்து ஒரே பெயர்தான் என்று அதற்குப் புரியவைக்க, மேற்கோள் குறிக்குள் போட்டுக் கொடுக்க வேண்டும்.

எங்கள் லேப் ஆசிரியருக்கு மூச்சுக்கு மூச்சு அதே பேச்சு. "கோட்டு போட்டியா? கோட்டு போடாம ஏன்டா அடிக்கிற?" மேற்கோள் குறியை ஆங்கிலத்தில் குவோட் என்பார்கள், அது அவர் வாயில் கோட்டு ஆகிவிடும். மே மாதம், கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது. மச்சான் என் காதருகே வந்து சொன்னான்: "இந்த வெயில்ல எவன்டா கோட்டு போடுவான்? துண்டு போடுறதுன்னு வச்சிக்கலாம்."

அன்றிலிருந்து எங்கள் இருவருக்குள் மேற்கோள் குறிக்குத் துண்டு என்றே பெயர். யோசித்தால் அதுதான் சரியான பெயரும்கூட. சிதம்பரத்திலிருந்து கடலூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு மூன்று பேர் சீட்டைப் பிடித்தால், அது மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே இடம். எவனும் நடுவில் புகுந்து உட்கார முடியாது. மேற்கோள் குறி செய்யும் வேலையும் இதுதான்.

துண்டிலும் சாதிகள் உண்டு என்பது போகப் போகத்தான் தெரிந்தது. எங்கள் லேப் கம்ப்யூட்டரில் ஓடிய லினக்ஸில் ஒற்றைத் துண்டு போட்டால் உள்ளே இருப்பதை ஷெல் தொடவே தொடாது, எழுதியது எழுதியபடி போகும். இரட்டைத் துண்டு போட்டால் இடைவெளியை விட்டுவிடும், ஆனால் டாலர் குறியைக் கண்டால் அதற்குப் பின்னால் இருக்கும் பெயரை எடுத்துவிட்டு, அந்தப் பெயரில் என்ன வைத்திருக்கிறோமோ அதைக் கொண்டுவந்து வைக்கும். விண்டோஸின் கருப்புத் திரையிலோ ஒற்றைத் துண்டுக்கு மரியாதையே இல்லை. அது வெறும் ஒரு எழுத்து. இரட்டைத் துண்டு மட்டும்தான் செல்லும். மச்சானின் அண்ணன் விருத்தாசலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார், அதனால் மச்சானுக்கு விண்டோஸ் கை. எனக்கு லினக்ஸ் பைத்தியம். நான் எழுதியதை அவன் அங்கே கொண்டுபோய் ஓட்டுவான், ஓடாது. அவன் எழுதியது இங்கே வந்து பாதி ஓடும். அதற்காக மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம்.

ஒருநாள் அவன் திரையில் வணக்கம் மச்சான் என்று வரவைப்பதற்காக, இரட்டைத் துண்டுக்குள் எழுதி, பாசம் ஜாஸ்தியாகிப் போய்க் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டான். லினக்ஸ் ஷெல்லுக்கு ஆச்சரியக்குறி என்றால் பழைய கமாண்டைத் தேடு என்று அர்த்தம். அப்படியொரு சம்பவமே நடக்கவில்லை என்று பதில் வந்தது. "பாத்தியாடா, என் வணக்கத்தையே இல்லன்னு சொல்லுது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்தால் முழு உடம்பும் சிரிக்கும். எனக்கு அப்படிச் சிரிக்க வராது. கோபம் மட்டும் உடம்பு முழுக்க வரும்.

படிப்பு முடிந்ததும் மற்றவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயில் ஏறினார்கள். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடியில் ஓர் அறை பிடித்து ஆபீஸ் போட்டோம். கடைகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது, கம்ப்யூட்டரில் இருப்பதைப் பத்திரப்படுத்திக் கொடுப்பது, சாயங்காலத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் வகுப்பு. போனை எடுக்கவும் டைப் செய்யவும் ஓர் அக்காவைச் சேர்த்தோம். திருமணப் பத்திரிகைகளை டி.டி.பி. செய்து பழகிய கை அவருடையது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார், மற்ற ஆறு நாளும் எங்களுக்கு முன்னால் வந்து ஆபீஸைத் திறந்து வைத்திருப்பார். எங்கள் இருவரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

வகுப்புக்காக நான் எழுதிக் கொடுத்த பாடத்தை அவர்தான் டைப் செய்தார். பிள்ளைகள் அதைப் பார்த்து அடிக்கிறார்கள், ஒரு கமாண்டும் ஓடவில்லை. நான் கத்திக்கொண்டிருக்கிறேன். மச்சான்தான் தாளை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். நேராக நிற்க வேண்டிய மேற்கோள் குறிகளெல்லாம் பத்திரிகையில் வருவது மாதிரி அழகாக வளைந்திருந்தன. பிள்ளைகளுக்குக் கொடுத்த ஃபைலிலும் அதே வளைவு. ஷெல்லுக்கு அந்த வளைந்த குறியெல்லாம் மேற்கோள் கணக்கிலேயே சேராது.

"மொட்டையா நின்னுச்சி தம்பி, நல்லால்ல. அதான் எல்லாத்தயும் மாத்திட்டேன்" என்றார் அக்கா.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மச்சான் குறுக்கே வந்து, "அக்கா, அது மொட்டயாதான் நிக்கணும், அதுக்கு அதான் அழகு" என்று சொல்லி அவரையும் சிரிக்க வைத்துவிட்டான். எங்கள் ஆபீஸ் அப்படித்தான் ஓடியது. நான் கத்துவேன், அவன் ஒட்டவைப்பான். அவன் இல்லாவிட்டால் அந்த ஆபீஸ் ஒரு மாதம் தாங்கியிருக்காது என்று எனக்கு அப்போதே தெரியும். அவனிடம் அதைச் சொன்னதில்லை.

வகுப்பில் பிள்ளைகளைக் குழப்பும் இன்னொரு விஷயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெயரைப் போட்டு டாலர் குறி வைக்கிறோம், ஆனால் அந்தப் பெயருக்குள் எதையும் வைக்கவில்லை, காலி. இரட்டைத் துண்டு போட்டிருந்தால், காலியாக இருந்தாலும் அந்த இடம் இடமாகவே இருக்கும். துண்டு போடாவிட்டால் அப்படியோர் இடம் இருந்த சுவடே இருக்காது, பின்னால் இருக்கிறவன் முன்னால் நகர்ந்து வந்து அதில் உட்கார்ந்துகொள்வான். ஷெல் தப்பென்று ஒரு வார்த்தை சொல்லாது. வேலை நடக்கும், ஆனால் வேறு ஆளுக்கு நடக்கும். இதை நான் பலகையில் எழுதி, குரலை உயர்த்தி, மேஜையைத் தட்டிச் சொல்லிக்கொடுப்பேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அப்போது.

சிதம்பரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் எங்கள் வாடிக்கை. கல்யாணம், காதுகுத்து என்று எடுத்துத் தள்ளுவார். அவருடைய கம்ப்யூட்டரில் இடம் போதாது என்று ஒரு லினக்ஸ் பெட்டியைக் கட்டி அவர் கடைப் பரணில் வைத்தோம். அதற்கு மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை. கடலூர் ஆபீஸில் உட்கார்ந்தபடி நெட் வழியாக அதற்குள் கமாண்டு அனுப்பலாம். படங்களைக் கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாற்றியதும் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடச் சொன்னதும் நாங்கள்தான். பத்திரமாக இருக்கும் என்று வாக்குக் கொடுத்ததும் நாங்கள்தான்.

பெட்டிக்குள் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றின் பெயர் கல்யாணம். ஆல்பம் போட வேண்டிய புதிய படங்கள் அதில். இன்னொன்றின் பெயர் கல்யாணம் ஓல்டு. ஆல்பம் போட்டு, டிவிடி எழுதி, வீட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனவை அதில். ஸ்டுடியோக்காரர் வைத்த பெயர்கள் அவை. நம் ஊரில் யார்தான் ஃபைலுக்கு இடைவெளி இல்லாமல் பெயர் வைக்கிறார்கள்?

2009-ஆம் வருஷம் தை மாதம், நல்ல முகூர்த்த சீசன். நான் ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். பெட்டி நிரம்பிவிட்டது, அன்றைய படங்களை வைக்க இடமில்லை என்றார் அவர். பழசெல்லாம் வேண்டாம், அழித்துவிடுங்கள் என்றார். நான் செல்போனில் ஆபீஸில் இருந்த மச்சானைக் கூப்பிட்டேன்.

"மச்சான், கல்யாணம் ஓல்டு ஃபோல்டர அழிச்சிடுடா."

"இங்கேர்ந்தேவா?"

"ஆமா."

"துண்டு போட்டுதான?"

"பின்ன? துண்டு போடாம அடிப்பியா?"

ஸ்டுடியோக்காரர் எனக்கு டீ சொன்னார். டீ வந்து பாதி குடித்திருப்பேன், மச்சான் கூப்பிட்டான்.

"மச்சான், ஓல்டுன்னு ஒண்ணு இல்லங்குதுடா."

அந்த ஒரு வரியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓல்டு என்று தனியாக ஒன்று இல்லை என்று பெட்டி சொல்கிறது என்றால், அது கல்யாணம் ஓல்டு என்பதை இரண்டாக வெட்டிப் படித்திருக்கிறது. ஓல்டு இல்லை. அப்படியென்றால் கல்யாணம்? அது இருந்தது. அதை அழித்துவிட்டுத்தான் ஓல்டைத் தேடியிருக்கிறது. புதுப் படங்கள் மொத்தமும் போய்விட்டன. பழசு பத்திரமாக இருந்தது.

"துண்டு போட்டியாடா?"

"போட்டேன்டா."

"பொய் சொல்லாத. போட்டிருந்தா எப்பிடிடா வெட்டும்?"

"சத்தியமா போட்டேன் மச்சான்."

ஸ்டுடியோக்காரரும் அவருடைய ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்க, கடைக்கு வந்த ஒரு கல்யாண வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவனைப் போனில் கத்தினேன். பொய்யன் என்றேன். உன்னை நம்பி ஒரு வேலை கொடுத்தேன் பாரு என்றேன். இன்னும் சிலதும் சொன்னேன், அவை எழுதும் தரத்தில் இல்லை. அவன் மறுபடி ஒரு தடவை போட்டேன்டா என்றான்.

பெட்டியைப் பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போய் மீட்கப் பார்த்தோம். மீட்கப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும், நான் மட்டும்தான் போனேன். கொஞ்சம் வந்தது, பாதி படங்களில் பாதி முகம். தாலி கட்டும் நேரத்துப் படம் ஒன்றுகூட வராத குடும்பங்கள் இருந்தன. ஒரு பெண்ணின் அப்பா ஸ்டுடியோ வாசலில் வந்து நின்று, கோபப்படக்கூடத் தெரியாமல், "கொஞ்சம் நல்லா தேடிப் பாருங்க சார்" என்று கேட்டார். ஸ்டுடியோக்காரர் எங்களோடு உறவை அன்றோடு முறித்துக்கொண்டார். அது நியாயம்தான்.

மச்சான் ஆபீஸுக்கு வருவதை நிறுத்தினான். அவன் போன் வரும், நான் கட் செய்வேன். திரும்ப வரும், திரும்பக் கட் செய்வேன். ஒருநாள் நான் ஆபீஸில் இல்லாத நேரம் பார்த்து ஆபீஸ் போனுக்குப் பேசியிருக்கிறான். நான் படியேறி வந்ததும் அக்கா சொன்னார்:

"தம்பி, அந்தத் தம்பி போன் பண்ணுச்சி. மன்னிப்பு கேக்கணும்னு சொல்லிச்சி."

எனக்குத் தலைக்கு ஏறியது. கல்யாணங்களை அழித்தவன் அவன், ஊர் முன்னால் தலைகுனிந்து நின்றவன் நான், நான் அவனிடம் மன்னிப்பு கேட்க வேண்டுமாம். கடைக்காரர் முன்னால் பொய்யன் என்று சொன்னேன் அல்லவா, அதற்காக இருக்கும் என்று நானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

"முடியாதுன்னு சொல்லிடுங்கக்கா" என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வேணாம் தம்பி, யோசிங்க" என்றார்.

"யோசிக்க ஒண்ணும் இல்ல. முடியாதுன்னா முடியாது. இதயே சொல்லுங்க."

சொன்னதை அப்படியே சொல்கிறவர் அவர். சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மச்சானிடமிருந்து எந்தப் போனும் வரவில்லை. அவனுடைய நாற்காலியில் ஒரு துணிப்பையையும் சார்ஜரையும் விட்டுவிட்டுப் போயிருந்தான், அதையும் வந்து எடுக்கவில்லை.

நான் நினைத்தபடியே ஆபீஸ் தேய ஆரம்பித்தது. வகுப்புக்குப் பிள்ளைகள் குறைந்தார்கள், கத்துகிற ஆளிடம் எவன் வருவான்? சில மாதங்கள் கழித்து, ஒரு மத்தியானம், வேலை அதிகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, வேறொரு கடைக்காக நெட் வழியாக ஒரு கமாண்டு அனுப்பினேன். பெயரில் இடைவெளி இருந்தது. துண்டு போட்டேன். நானே என் கையால் போட்டேன். அங்கிருந்து வந்த பதிலில் பெயர் இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டேன்.

ஆபீஸிலேயே இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் மாங்கா என்று ஒரு ஃபோல்டரும் மாங்கா ஊறுகா என்று ஒரு ஃபோல்டரும் உண்டாக்கினேன். என் மேஜையிலிருந்து அதற்கு, துண்டு போட்டு, மாங்கா ஊறுகாவை அழி என்று அனுப்பினேன். மாங்கா போய்விட்டது. ஊறுகா என்று ஒன்று இல்லை என்று பதில் வந்தது.

விஷயம் ரொம்பச் சின்னது. நெட் வழியாக அனுப்பும்போது கமாண்டைப் படிப்பது ஒரு ஷெல் இல்லை, இரண்டு. முதலில் இங்கே இருக்கும் ஷெல் படிக்கிறது. துண்டைப் பார்க்கிறது, சரி, ஒரே பெயர் என்று புரிந்துகொள்கிறது, துண்டை எடுத்து வைத்துக்கொண்டு பெயரை மட்டும் அனுப்புகிறது. அங்கே இருக்கும் ஷெல்லுக்குத் துண்டு போய்ச் சேர்வதே இல்லை. அது தன் வழக்கப்படி இடைவெளியில் வெட்டுகிறது. கடலூர் பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த இடம், அடுத்த ஊரில் இறங்கி மாறும் பஸ்ஸில் செல்லுமா? ரெண்டு பஸ் என்றால் ரெண்டு துண்டு. ஒற்றைத் துண்டுக்குள் இரட்டைத் துண்டு வைத்து அனுப்பியிருக்க வேண்டும். அது அவனுக்கும் தெரியாது, மேஜையைத் தட்டிப் பாடம் நடத்திய எனக்கும் தெரியாது.

அவன் துண்டு போட்டிருந்தான். சத்தியமா போட்டேன் மச்சான் என்று சொன்னது உண்மை.

அன்றைக்கே அவனைக் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடத்துக்குப் போய்விடலாம் என்று கிளம்பினேன். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அங்கே ஒரு டீயைக் குடித்துக்கொண்டு நிற்கும்போது, என்னை மன்னிப்பு கேட்கச் சொன்னவன்தானே, அவனிடம் போய் நின்றால் எப்படிப் பார்ப்பான் என்று ஒரு வீம்பு வந்தது. கேட்க வேண்டியது நான்தான் என்று தெரிந்த பிறகும் அந்த வீம்பு போகவில்லை. அவன் கேட்கச் சொல்லாமல் இருந்திருந்தால் ஓடிப்போய்க் கேட்டிருப்பேன் என்று என்னிடமே நான் வாதாடினேன். கடலூர் பஸ் எதிரே வந்து நின்றது, ஏறிவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த பஸ் வராமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஆபீஸை மூடினேன். அக்கா வேறு வேலைக்குப் போனார். நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முதல் பாடமாக ரெண்டு பஸ் கதையைச் சொல்வேன். அழகாகப் புரிந்துகொள்வார்கள், சிரிப்பார்கள். யாருடைய துண்டு அது என்று சொல்ல மாட்டேன்.

2012-இல் அக்கா தன் மகளைக் கல்லூரியில் சேர்க்க சிதம்பரம் வந்தார். வேலை முடிந்ததும் மகள் கடைக்குப் போனாள், நானும் அக்காவும் மேல வீதியில் ஒரு கடையில் காபி குடிக்க உட்கார்ந்தோம். பழைய கதையெல்லாம் பேசினோம். வளைந்த மேற்கோள் குறியை அவரே ஞாபகப்படுத்திச் சிரித்தார். சிரித்து முடித்ததும், மனதில் ரொம்ப நாளாக இருந்ததைக் கேட்பவர் போலக் கேட்டார்.

"நீங்க அப்பிடி மனசு கல்லாயிட்டீங்களே தம்பி. அந்தத் தம்பி எவ்ளோ அழுதுச்சி தெரியுமா?"

"அழுதானா? என்னதான் மன்னிப்பு கேக்கணும்னானே?"

"யாரு?"

"அவன்தான். நீங்கதானக்கா வந்து சொன்னீங்க."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "ஐயோ, ஒங்கள கேக்கச் சொல்லலியே. அதுதான் ஒங்ககிட்ட கேக்கணும்னு சொல்லிச்சி. 'நான் மன்னிப்பு கேக்கணும்க்கா, போன எடுக்க மாட்டேங்குறான், நேர்ல வரட்டுமான்னு கேட்டுச் சொல்லுங்க'ன்னு ஒரே அழுக. அதத்தான நான் சொன்னேன்?"

அவர் சொன்னது அதைத்தான். மன்னிப்பு கேக்கணும்னு சொல்லிச்சி. அக்காவின் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, நம் வீடுகளில் எல்லோரும் பேசுகிற பேச்சு அது. கேக்கணும் என்றால் யார் கேட்கணும்? நானா, நீயா, அவனா? அந்தச் சொல்லில் ஆளே கிடையாது. யார் என்று முன்னால் ஒரு வார்த்தை இருக்க வேண்டும், பேச்சில் அதை யாரும் போடுவதில்லை. மச்சான் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறான், நான் என்று. அது அக்காவைத் தாண்டி என்னிடம் வரும்போது இல்லை. காலியாகக் கிடந்த இடத்தில் நான் நகர்ந்து போய் உட்கார்ந்துகொண்டேன்.

"அப்ப, முடியாதுன்னு நான் சொன்னத..."

"அப்பிடியே சொல்லிட்டேன் தம்பி. நான் என்ன பண்ணுவேன்? நீங்க கோவமா இருந்தீங்க. முடியாதுன்னுட்டாருன்னேன். அப்பறம் 'சரிக்கா'ன்னு வச்சிடுச்சி."

மன்னிப்பு கேட்க வரட்டுமா என்று ஒருவன் கேட்டிருக்கிறான். முடியாது என்று பதில் போயிருக்கிறது. அதுவும் எதற்கு மன்னிப்பு? அவன் செய்யாத தப்புக்கு. காபிக் கடையில் நாலு பேர் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நான் அழுதேன். அக்கா தன் செல்போனை எடுத்துக் கொஞ்ச நேரம் தேடி, "எனக்குப் பொங்கலுக்குப் பொங்கல் பேசும் தம்பி. இப்ப பெண்ணாடத்துலயே கரும்பு வண்டி எட போடுற எடத்துல இருக்கு" என்றார். நான் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்குள் எண்ணை அழுத்திவிட்டார். முதலில் அவர் பேசினார். அப்புறம் போனை என் கையில் திணித்தார்.

"மச்சான்" என்றேன்.

அந்தப் பக்கம் லாரி சத்தம் கேட்டது. "சொல்லுங்க" என்றான்.

ஒரே தட்டில் சாப்பிட்ட வருஷங்களில் அவன் என்னை ஒரு தடவைகூட ங்க போட்டுப் பேசியதில்லை. இருந்தாலும் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சொன்னதை நான் தலைகீழாகப் புரிந்துகொண்டதைச் சொன்னேன். ரெண்டு ஷெல் படிப்பதைச் சொன்னேன், மாங்கா ஊறுகாவைச் சொன்னேன். "நீ துண்டு போட்டிருந்தடா. தப்பு ஒன்னோடது இல்லடா. மன்னிச்சிடுடா" என்றேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அப்பிடியா. எனக்குத் தெரியாது. நாந்தான் அவசரத்துல உட்டுட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான். "அப்பறம் கம்ப்யூட்டர் பக்கமே போவலீங்க."

"கல்யாணம் ஆயிடிச்சா மச்சான்?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"ஆச்சி. ஒரு பொண்ணு இருக்கா." என்றான். "கல்யாணத்துல போட்டோவே எடுக்க வேணாம்னுட்டேன். அத்தன பேரோட கல்யாணத்த அழிச்சவனுக்கு எதுக்குன்னு. ஏன் எடுக்கலன்னு வீட்ல இன்னமும் கேக்குறாங்க."

பின்னால் யாரோ வண்டி வந்துவிட்டது என்று அவனைக் கூப்பிட்டார்கள். வைக்கிறேங்க என்றான்.